மாரம்மாவின் எட்டு நாள்

எங்கள் தொழிற்சாலையின் வரவேற்பறையில் ஆறடி நீளத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி இருந்தது. அதன் தண்ணீரை முதன்முதலில் நக்கிப் பார்த்தவள் மாரம்மா. விரலை விட்டு, நாக்கில் வைத்து, முகத்தைச் சுளித்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"இன்னாம்மா இது, ஊறுகாப் பானை மாதிரி கரிக்குது. இதுல மீனு எப்படிம்மா பொழைக்கும்?"

நான் டெலிபோன் போர்டில் மூன்று லைனைப் பிடித்துக்கொண்டு அல்லாடிக்கொண்டிருந்தேன். "அது கடல் மீன். கடல்னா கரிக்காம இனிக்குமா? போய்த் தரையைத் துடை" என்று எரிந்து விழுந்தேன்.

எரிந்து விழுவது எனக்குப் புதிதல்ல. சம்பங்கி என்று பெயரை வைத்துவிட்டு வாயில் மிளகாயை வைத்துவிட்டார்கள் என்று எங்கள் அம்மாவே சொல்வாள். ஓசூர் சிப்காட்டில் பம்பு செய்யும் ஒரு கம்பெனியில் நான் வரவேற்பாளர், டெலிபோன் ஆபரேட்டர், போதாததற்கு மொழிபெயர்ப்பாளர். கம்பெனி ஜெர்மனிக்காரர்களோடு கூட்டுச் சேர்ந்தது. மெஷின்களை நிறுவுவதற்காக அங்கிருந்து ஹெல்முட் என்ற இன்ஜினியர் வந்திருந்தார். தொட்டி அவருடையது. ஆள் வாட்டசாட்டமாக இருப்பார். அதிகம் பேசமாட்டார். மெஷின் வந்த பெட்டிகளிலேயே கடல் உப்பு மூட்டை, விளக்கு, மோட்டார் எல்லாம் அவருக்கு வந்து இறங்கின. பாறைகள் மட்டும் ராமேஸ்வரம் பக்கமிருந்து ஈரச் சாக்கில் சுற்றி லாரியில் வந்தன. ஓசூர்க் குளிர் இந்த மீன்களுக்கு நல்லது, மெட்ராஸ் என்றால் தண்ணீரைக் குளிர வைக்கவே தனி மெஷின் வேண்டும் என்பார். தொண்ணூற்று மூன்றாம் வருடக் கதை இது.

தொட்டிக்குள் பவளங்கள் இருந்தன. காளான் மாதிரி சில, விரல் விரலாகச் சில. நடுவில் பாத்திரம் தேய்க்கும் நார் போல ஆடிக்கொண்டு ஒரு பெரிய கடல் சாமந்தி; பெயர்தான் பூ, உண்மையில் நகரும் ஜந்து. அதற்குள்ளேயே குடித்தனம் நடத்தும் இரண்டு மீன்கள். ஆரஞ்சு உடம்பு, வெள்ளைப் பட்டை. பெரியதுதான் பெண், சிறியது ஆண் என்று ஹெல்முட் சொன்னதை நான் மாரம்மாவுக்குச் சொன்னேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"எங்க வூட்லயும் அதே கதைதாம்மா. அவுரு வர வர இத்தனூண்டு ஆயிட்டாரு."

அவள் புருஷன் கரியப்பன் கிரானைட் பட்டறையில் பதினைந்து வருஷம் கல்லறுத்தவர். தூசி நெஞ்சில் இறங்கிவிட்டது. ராயக்கோட்டைக்குப் பக்கத்துக் கிராமம். மாரம்மா தக்காளித் தோட்டத்திலும் சாமந்தித் தோட்டத்திலும் கூலி வேலை செய்தவள். புருஷன் படுத்தபிறகு, பஸ் ஏறி எங்கள் கம்பெனிக்குக் காண்ட்ராக்டில் கூட்டிப் பெருக்க வந்தாள். வந்து ஆறு வருஷமாகியிருந்தது. எங்களோடு தமிழ், டிரைவரோடு கன்னடம், மீன்களோடு மட்டும் தெலுங்கு. ஏன் மீனுக்குத் தெலுங்கு என்று கேட்டால், "எங்கம்மா தெலுங்குலதாம்மா கொஞ்சுவா" என்பாள்.

கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் அவள் தொட்டி முன்னால் நிற்பதை ஹெல்முட் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு நாள் இரை டப்பாவை அவள் கையில் கொடுத்துவிட்டார். எனக்குச் சுருக்கென்றது. பி.ஏ. படித்த நான் அதே அறையில் உட்கார்ந்திருக்கிறேன், எனக்குக் கொடுக்கவில்லையே! ஆனால் காரணம் சீக்கிரமே தெரிந்துவிட்டது.

ஒரு நாள் பாறை இடுக்கிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு புழு எட்டிப் பார்த்தது. இரண்டு பக்கமும் மயிர் மயிராக, பூரான் மாதிரி. நான் நாற்காலி மேல் ஏறாத குறை.

"ஐயோ, மாரம்மா! அதைப் பிடிச்சு வெளிய போடு! இல்லன்னா ரெண்டு சொட்டு பினாயிலை ஊத்து!"

"பினாயிலா! வெளங்கிடும். இருங்கம்மா, எட்டு நாளு பாக்கலாம்."

"எட்டு நாளா? அதுக்குள்ள மீனைத் தின்னுடுச்சுன்னா?"

"தின்னுச்சுன்னா தெரிஞ்சிடும்ல." துணியைப் பிழிந்தபடியே சொன்னாள். "தக்காளில அசுவினிப் பூச்சி வுழும்மா. அப்போ கருகருன்னு முள்ளு முள்ளா ஒரு புழு வரும். பாக்கவே அருவருப்பா இருக்கும். ஒரு வருசம் எல்லாரும் சேந்து நசுக்கு நசுக்குன்னு நசுக்கிட்டோம். அப்பறம் பாத்தா அது பொறிவண்டோட குட்டி. அசுவினியத் தின்ன வந்ததே அதுதான். அந்த வருசம் தோட்டம் பூராவும் போச்சு. அப்பலேருந்து எனக்கு எட்டு நாளு கணக்கு. இன்னா தின்னுது, யார் வம்புக்குப் போவுது, பாக்காம கை வெக்கக் கூடாது."

அந்த எட்டு நாள் அவள் பார்த்த அழகைச் சொல்ல வேண்டும். இந்த ஜந்துக்கள் வெளிச்சத்தில் வராது. மாரம்மா சாப்பாட்டு நேரத்தில் வாட்ச்மேனின் கம்பளியை வாங்கி வந்து தொட்டி மேல் போர்த்தி, மத்தியானத்திலேயே அதற்கு ராத்திரி ஆக்கிவிடுவாள். டார்ச்சின் வாயில் சிவப்புக் கண்ணாடித்தாளைக் கட்டிக்கொண்டு கம்பளிக்குள் தலையை நுழைப்பாள். வெளியே அவளுடைய கால் மட்டும்தான் தெரியும். வந்த விருந்தாளிகள் எல்லாம் என்னைக் கேட்பார்கள், யாரோ போட்டோ எடுக்கிறார்களா என்று.

எட்டாம் நாள் தீர்ப்பு வந்தது. "கீழ வுழுந்த எரையத்தான் தின்னுது. மீனுகிட்டவே போவல. நம்ம மண்புழு மாதிரி, பாவம், குப்ப பொறுக்குற உயிரு."

ஹெல்முட்டிடம் சொன்னேன். அவர் தலையை ஆட்டி, சரிதான், அது தொட்டிக்கு நல்லது செய்யும் புழு என்றார். அதற்காக எல்லாவற்றையும் விட்டுவிடுகிறவள் இல்லை அவள். மயிர்க்காலோடு ஒரு நண்டு பவளத்தைக் கிள்ளித் தின்பதை ஆறாம் நாளே கண்டுபிடித்தாள். கண்ணாடி டம்ளரில் இறால் துண்டு போட்டு, பாறையில் சாய்த்து வைத்தாள். நண்டு ஆசையாக உள்ளே இறங்கியது. வழுக்குகிற கண்ணாடியில் திரும்ப ஏறத் தெரியவில்லை. டம்ளரோடு தூக்கிவிட்டாள்.

அந்த வருடக் கடைசியில் காண்ட்ராக்ட் ஆட்களில் நான்கு பேரை நிரந்தரமாக்கப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. பட்டியல் நிர்வாக அதிகாரி ராஜப்பன் கையில். மாரம்மாவின் பெயர் அதில் இருந்தது. அவளுக்கு யூனிபாரமும் வேண்டாம், கம்பெனி பஸ்ஸும் வேண்டாம். "அந்த ஈ.எஸ்.ஐ. அட்டை குடுப்பாங்கல்லம்மா? அதுல அவுரு பேரும் போடுவாங்கல்ல?" என்று என்னிடம் மட்டும் பத்துத் தடவை கேட்டிருப்பாள். அட்டை இருந்தால் கரியப்பனை நெஞ்சு டாக்டரிடம் சேர்க்கலாம். இல்லையென்றால் வீட்டிலேயே இருமிக்கொண்டிருக்க வேண்டியதுதான். அந்த வீட்டில் எல்லாமே அந்த ஒரு அட்டையில் தொங்கிக்கொண்டிருந்தது.

பொங்கல் முடிந்ததும் ஹெல்முட் இரண்டு மாத லீவில் ஊருக்குப் போனார். தொட்டியை மாரம்மாவிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் போனார். பாறையைத் தொடாதே, இரை போடு, ஆவியாகும் தண்ணீருக்குப் பதில் இந்த வெள்ளைப் பொடி கரைத்த நீரைச் சொட்டுச் சொட்டாக விடு. பொடி டப்பாவில் கையை விட்டு மாரம்மா நக்கிப் பார்க்காமல் இருப்பாளா? "அட, சுண்ணாம்பு!" என்றாள். வெற்றிலைக்குத் தடவுகிற அதே சுண்ணாம்புதான். பவளம் எலும்பு கட்ட அது வேண்டுமாம்.

பிப்ரவரியில் மெட்ராஸிலிருந்து டைரக்டர்கள் வருவதாக இருந்தது. முதல் நாள் நான் அறையைச் சுற்றி வந்தேன். பூச்சாடி சரி, திரைச்சீலை சரி. தொட்டிக்குள் முன்பக்கப் பாறையில் மட்டும் பழுப்பு நிறத்தில், சளி மாதிரி, நாலைந்து ஏதோ முளைத்திருந்தன. சின்னத் தண்டு, மேலே ஊசி ஊசியாக விரல்கள்.

"மாரம்மா, இது என்ன அசிங்கம்? சுரண்டிப் போடு."

"இப்பத்தாம்மா வந்திருக்குது. எட்டு நாளு..."

"உன் எட்டு நாளைத் தூக்கிக் குப்பையில போடு! நாளைக்குப் பெரியவங்க வர்றாங்க. அவங்க வந்து நின்னு பாக்கப் போறது இதைத்தான். சுரண்டுன்னா சுரண்டு!"

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் முறைத்தேன். பென்சில் சீவும் கத்தியைக் கொடுத்தேன். என் கத்திதான். அவள் கையை முழங்கைவரை விட்டு, பாறையைச் சுரண்டினாள். பழுப்புத் துணுக்குகள் தண்ணீரில் பறந்தன. மோட்டார் அவற்றை வாரி, தொட்டி முழுக்க வீசியது. பாறை சுத்தமாகிவிட்டது. டைரக்டர்கள் வந்து பார்த்து, பிரமாதம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

மூன்றே வாரம். சுரண்டிய ஒவ்வொரு துணுக்கும் ஒரு ஜந்துவாக எழுந்து நின்றது. இங்கே பத்து, அங்கே இருபது, மோட்டார்க் குழாயின் வாயில் கூட ஐந்து. மாரம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். "கோரையம்மா இது, கோரை. அறுத்தா அறுத்த எடத்துல பத்து வரும். இது கல்லு மேல இருக்குதே, வேர் இருக்காதுன்னு நெனச்சுட்டேன்."

அந்த ஊசி விரல்கள் பக்கத்துப் பவளங்களைச் சுட்டன. காளான் பவளம் சுருங்கியது. பெரிய கடல் சாமந்தி பாறையை விட்டு நகர்ந்து மூலையில் போய் ஒடுங்கியது. அதை நம்பிக் குடித்தனம் வைத்திருந்த இரண்டு மீன்களும் மூலையோடு மூலையாக நின்றன.

மார்ச் கடைசியில் ஹெல்முட் திரும்பி வந்தார். பெட்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை, நேரே தொட்டி முன் நின்றார். ரொம்ப நேரம் நின்றார். ராஜப்பன் தன் அறையிலிருந்து எழுந்து வந்தார். மாரம்மா துடைப்பத்தோடு ஓரத்தில் நின்றாள். நடுவில் நான். இரண்டு பக்கத்துப் பேச்சும் என் வாய் வழியாகத்தான் போக வேண்டும்.

"கண்ணாடி ரோஜா" என்றார் ஹெல்முட். அவர்கள் ஊரில் அந்தப் பழுப்பு ஜந்துவுக்கு அப்படித்தான் பெயராம். எங்கள் ஊரே ரோஜா ஊர். இப்படி ஒரு ரோஜாவும் வந்து சேர்ந்தது. பிறகு என்னிடம் திரும்பி, "யாரோ இதைச் சுரண்டியிருக்கிறார்கள். யார் என்று கேள்" என்றார்.

"யார் சுரண்டினதுன்னு கேக்கறார்" என்றேன்.

"நான்தாம்மா" என்றாள் மாரம்மா.

அதை ஆங்கிலத்தில் சொன்னேன்.

"இவள் அப்படிச் செய்கிறவள் இல்லையே. யாராவது சொல்லிச் செய்தாளா?"

நான் மாரம்மாவைப் பார்த்தேன். "யாராச்சும் சொல்லிச் செஞ்சியான்னு கேக்கறார்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். கோபமாக இல்லை. கெஞ்சலாகவும் இல்லை. சும்மா பார்த்தாள். "அழுக்குன்னு நெனச்சுட்டேன்னு சொல்லுங்கம்மா" என்றாள்.

சொன்னேன். என்னைக் காப்பாற்றிய பொய்யை, நானே, இலக்கணப் பிழை இல்லாத ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னேன். இப்போது நினைத்தாலும் என்னையே நாலு அறை அறையலாம் போலிருக்கிறது.

"களை புடுங்குற எடமா இது?" என்று ராஜப்பன் சத்தம் போட்டார். ராஜப்பன் கெட்டவர் இல்லை. கோபம் வந்தால் பேனாவை எடுத்துவிடுகிற மனிதர், அவ்வளவுதான். "தொடாதேன்னு சொன்ன பொருளைத் தொட்டிருக்கே. உன்னை எப்படி நிரந்தரமாக்கறது? பட்டியல்ல பேரை அடிச்சுடறேன்." அங்கேயே, சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து ஒரு கோடு இழுத்தார். உகாதி முடிந்த மறுநாள் பட்டியல் தலைமை அலுவலகத்துக்குப் போகிறது. அதற்கு இன்னும் பத்தொன்பது நாள் இருந்தது.

மாரம்மா அழவில்லை. துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். நான் ஸ்விட்ச்போர்டில் உட்கார்ந்து, வராத போனுக்கு ஹலோ சொல்லிக்கொண்டிருந்தேன்.

எல்லாப் பாறையையும் எடுத்து வெயிலில் போட்டுக் காயவைக்க வேண்டியதுதான், வேறு வழியில்லை என்றார் ஹெல்முட். அப்படிச் செய்தால் பவளங்களும் போகும். கடல் சாமந்தியும் போகும். கொதிநீரை ஊசியில் ஏற்றிக் குத்தலாம் என்று புத்தகத்தில் இருக்கிறது, தனக்கு அது ஒருதடவையும் பலிக்கவில்லை என்றார். மெஷின் ஓட்டிப் பார்க்கும் வேலை வேறு அவர் கழுத்தை நெரித்தது.

மறுநாள் காலை ஏழு மணிக்கே மாரம்மா வந்து எனக்காகக் காத்திருந்தாள். பேரை அடித்துவிட்டார்களே, இவள் ஏன் இன்னும் தொட்டியைக் கட்டிக்கொண்டு அழுகிறாள் என்று எனக்கு எரிச்சல்கூட வந்தது. குற்றமுள்ள நெஞ்சுக்கு எரிச்சல் சீக்கிரம் வரும்.

"இங்க பாருங்கம்மா." சுண்ணாம்பு நீர் சொட்டும் குழாயின் நேர் கீழே இருந்த பாறையைக் காட்டினாள். "தெளிஞ்ச தண்ணியத்தான் வுடணும்னு சாரு சொன்னாரு. ஒரு நாளு நான் அடி மண்டியையும் சேத்து வுட்டுட்டேன். அது வெள்ளையா படிஞ்ச எடத்துல ஒரு ரோஜாகூட இல்ல. இதோ, இந்த ஓரத்துல இருந்ததும் கருகிடுச்சு. நாலஞ்சு நாளாப் பாக்கறேன்."

ஹெல்முட்டிடம் ஓடினேன். அவர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து, "முயன்று பார்க்கச் சொல். ஆனால் ஒரு நாளைக்குப் பத்துக்கு மேல் வேண்டாம். சுண்ணாம்பு கூடினால் மீன் செத்துவிடும்" என்றார்.

வேலை ஆரம்பித்தது. கம்பெனி முதலுதவி அறையிலிருந்து ஒரு ஊசி வாங்கிக் கொடுத்தேன். தினமும் சாப்பாட்டு மணி அடித்ததும் நான் தொட்டியின் பம்பை நிறுத்துவேன். தண்ணீர் ஓடினால் சுண்ணாம்பு பரவிவிடும். மாரம்மா ஒரு துளி இறால் சாற்றை ரோஜாவின் மேல் விடுவாள். அது சோறு வந்துவிட்டதென்று வாயைத் திறக்கும். அந்த நேரம் பார்த்து, வாய்க்குள்ளேயே ஒரு பொட்டு சுண்ணாம்பு. ரோஜா அப்படியே மூடிச் சுருண்டுவிடும். அவசரப்பட்டுப் பாறையில் ஊசி பட்டுவிட்டால் பொந்துக்குள் இழுத்துக்கொள்ளும். அப்புறம் அன்றைக்கு அது வராது. ஒவ்வொன்றையும் குத்துவதற்கு முன் அவள் தெலுங்கில் ஏதோ சொல்வாள். என்ன சொல்கிறாய் என்றேன். "தப்பா எடுத்துக்காத, நீ வந்த எடம் தப்பும்பேன்" என்றாள். பத்து நிமிடம் ஆனதும் நான் குரல் கொடுப்பேன். பம்பு ஓடும். மொத்தம் தொண்ணூற்று மூன்று ரோஜா. நான் பென்சிலால் கோடு போட்டு எண்ணினேன். சில இரண்டாம் முறையும் எழுந்தன. அவற்றுக்கு மறுபடியும்.

முதல் நாள் ஊசி அடைத்துக்கொண்டே இருந்தது. ஹெல்முட்டின் பொடி தொட்டிக்கே போதாது; கடைச் சுண்ணாம்பில் மணல். மறுநாள் அவள் கொண்டுவந்த சுண்ணாம்போ வெண்ணெய்தான். எங்கே வாங்கினாய் என்றேன். "அவுருதான் வடிகட்டிக் குடுத்தாரு. வேட்டித் துணியில மூணு வாட்டி. நான் செய்யறேன்னா வுட மாட்டேங்கறாரு."

சேர்ந்தே வேலை செய்தோம். பேசினோம், சிரித்தோம்கூட. ஒரே ஒரு விஷயத்தை மட்டும் அவள் பேசவில்லை. நானும் பேசவில்லை. தினமும் காலையில் இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று தலை வாருவேன். மாலையில் நாளைக்குச் சொல்லலாம் என்று பஸ் ஏறுவேன். எனக்கு என்ன போய்விடும்? ஒரு மெமோ, கொஞ்சம் மானம். அதற்கே நாக்கு எழவில்லை. ஊரையே வாயால் விரட்டுகிறவள் நான்!

பாறைகள் மெல்லத் தெளிந்தன. காளான் பவளம் குடையை விரித்தது. கடல் சாமந்தி மூலையை விட்டு அரையடி நகர்ந்து வந்தது. ஹெல்முட் தினமும் வந்து பார்த்து மாரம்மாவின் தோளைத் தட்டிவிட்டுப் போனார். பட்டியலைப் பற்றி யாரோ ராஜப்பனிடம் கேட்டிருக்கிறார்கள். "கெடுத்தா, சரி பண்ணினா. அதுக்கும் இதுக்கும் சரியாப் போச்சு. சொன்ன பேச்சைக் கேக்காதவ பேரை எப்படிப் போடறது?" என்று சொல்லிவிட்டாராம்.

உகாதிக்கு மறுநாள். பட்டியல் மத்தியானத் தபாலில் போகிறது. காலையில் கேட்டிலிருந்து வாட்ச்மேன் போன் செய்தார். யாரோ ஒரு ஆள் மாரம்மாவைப் பார்க்க வந்திருக்கிறார் என்றார். மாரம்மா ஒர்க் ஷாப்பில் இருந்தாள். நான் போனேன்.

கேட்டருகே சிமெண்ட் பெஞ்சில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். வயது நாற்பத்தைந்துதான் இருக்கும், பார்த்தால் அறுபது. பஸ் நிறுத்தத்திலிருந்து கேட் இருநூறு அடி. அதை நடந்து வந்ததற்கு அவர் மார்பு கொல்லன் துருத்திபோல ஏறி இறங்கியது. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். உட்காரச் சொன்னேன். பேச்சு வர ஐந்து நிமிடம் ஆயிற்று.

"மாரி... டப்பாவ... மறந்துட்டு வந்துட்டா" என்று ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவை நீட்டினார். உள்ளே சுண்ணாம்பு. "இன்னும் மூணு... இருக்குதுன்னா. ஒண்ணு வுட்டாலும்... மறுபடி தொத்திக்கும்னு சொன்னா. அதான்."

"இதுக்காகவா இந்த உடம்போட வந்தீங்க?"

அவர் சிரித்தார். "அந்த மீனு புருசனும் பொண்டாட்டியும்... நல்லா இருக்குதுங்களா தாயி?"

நான் டப்பாவை வாங்கிக்கொண்டு திரும்பினேன். கண் மறைத்தது. நேரே ராஜப்பன் அறைக்குள் போனேன், கதவைத் தட்டவில்லை. உள்ளே ஹெல்முட்டும் இருந்தார்.

"அந்தப் பாறையைச் சுரண்டச் சொன்னது நான்தான் சார். மாரம்மா வேண்டாம்னுதான் சொன்னா. நான் மிரட்டிச் செய்ய வச்சேன். கத்தி என்னோடது."

பிறகு அதையே ஹெல்முட்டுக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். எனக்கு மொழிபெயர்க்க வேறு யார் இருக்கிறார்கள்? இரண்டாவது தடவை சொல்வது முதல் தடவையைவிடக் கஷ்டமாக இருந்தது.

"ஏம்மா, படிச்ச பொண்ணு நீ..." என்று ஆரம்பித்த ராஜப்பன் முடிக்காமல் விட்டுவிட்டார். பட்டியலை எடுத்தார். அடித்த கோட்டுக்கு மேலேயே மாரம்மாவின் பெயரைப் பெரிய எழுத்தில் திரும்ப எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். எனக்கு மெமோ வரும் என்றார். வரட்டும் என்றேன். ஹெல்முட் மட்டும், "இதை அவளிடமும் நீயே போய்ச் சொல்" என்றார்.

மெமோ வந்தது, இன்னும் வைத்திருக்கிறேன். ஆனியில் மாரம்மாவுக்கு அட்டையும் வந்தது. கரியப்பன் ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் இருந்தார். தூசி ஏறிய நெஞ்சை யாரும் புதிதாக்கித் தர முடியாது. ஆனாலும் மூச்சுக்கு மருந்து கிடைத்தது, படுத்துத் தூங்க முடிந்தது. அதற்குப் பின் ஏழு வருடம் இருந்தார். அந்த ஏழு வருடத்தையும் பத்தொன்பது நாள் நான் அநியாயமாகத் தொங்கவிட்டிருந்தேன் என்பது எனக்குத் தெரியும்.

பெயர் பட்டியலில் திரும்ப ஏறிய அன்று சாப்பாட்டு மணி அடித்தது. மாரம்மா தொட்டி முன் கம்பளியை மடித்துக்கொண்டிருந்தாள். நான் பம்பை நிறுத்தினேன். டப்பாவை அவள் கையில் கொடுத்தேன். கரியப்பன் வந்ததைச் சொன்னேன், அவரைக் கம்பெனி வண்டியில் ஏற்றி அனுப்பியதைச் சொன்னேன். பிறகு ராஜப்பன் அறையில் சொன்னதையும் சொன்னேன். அதற்குள் அழுகை வந்துவிட்டது.

"பத்தொம்பது நாளு ஒரு வார்த்தை கேக்கலியேக்கா. ஏன் என்னைக் காட்டிக் குடுக்கல?" அக்கா என்று அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கூப்பிட்டேன்.

மாரம்மா ஊசியில் சுண்ணாம்பை ஏற்றி, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக் காற்றை வெளியே தள்ளினாள்.

"பாத்துக்கிட்டு இருந்தேம்மா. புதுசா ஒண்ணு கண்ணுல பட்டா எட்டு நாளு பாக்கணும்ல? எட்டு நாளு ஆச்சு, நீங்க ஒண்ணும் சொல்லல. சரி, இது பெரிய உயிரு, இன்னும் பத்து நாளு சேத்துப் பாப்போம்னு வுட்டேன்."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "பாத்து? என்ன தெரிஞ்சுது?"

"கடிக்குற உயிரு இல்லம்மா நீங்க" என்றாள். "பயந்த உயிரு."

கையை முழங்கைவரை தண்ணீரில் விட்டாள். கடைசி மூன்று ரோஜாக்கள் பின்பக்கப் பாறையில் இருந்தன. ஒன்று, இரண்டு, மூன்று. நான் பென்சிலால் கோடு போட்டேன். அந்தப் பெரிய மீன் வந்து அவள் விரலை முட்டிவிட்டுச் சாமந்திக்குள் புகுந்துகொண்டது. கூடவே சின்னதும்.

"மணி ஆச்சும்மா, பம்பப் போடுங்க" என்றாள் மாரம்மா. போட்டேன்.